மூன்றாம் பந்தியில் தீர்ந்த சோறு

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபையில் அசனப் பண்டிகையை, அதாவது எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் கோயில் விருந்தை, வாலிபர் சங்கத்திடம் ஒப்படைத்தோம். அரிசி, கறி, விறகு, பந்தி விசாரிப்பு எல்லாம் பையன்கள் பொறுப்பு. மூன்றாம் பந்தியில் சோறு தீர்ந்துபோனது. மறுபடி உலை வைத்து வடிக்க முக்கால் மணி நேரம். இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அடுத்த கமிட்டியில் "சின்னப் பயலுவகிட்ட கொடுத்தா இப்படித்தான், இன்னும் பக்குவம் வரல" என்று பேச்சு ஆரம்பித்தது. பொறுப்பைத் திரும்ப வாங்கத் தீர்மானம் போட்டபோது முதலில் கை தூக்கியவன் நான். முன்னால் நின்று செய்த தம்பி கணக்கு நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். ரொம்ப நாள் கழித்து அதைப் புரட்டினேன். ஒரு ரூபாய் பிசகில்லை. இப்போது கிறிஸ்மஸுக்கும் புதுவருஷத்துக்கும் மட்டும் கோயிலுக்கு வருகிறான். கடைசி பெஞ்சு.

எனக்குப் பத்தொன்பது வயதில், சபையைக் கவனித்துக்கொண்ட உபதேசியார் ஐயா ஒரு ஞாயிறு மாலை ஆராதனையில் என்னைப் பிரசங்கம் பண்ணச் சொன்னார். ஐந்தே நிமிஷம். எழுதி வைத்ததெல்லாம் மறந்து, ஜெபம் பண்ணிவிட்டு இறங்கினேன். எங்கள் ஆச்சி வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். உபதேசியார் விளக்கை அணைத்துக்கொண்டே, "ஏலே, அடுத்த வாரமும் நீதான்" என்றார். இந்தக் கதையைப் பையன்களிடம் பெருமையாகச் சொல்லித் திரிகிறவன்தான் கமிட்டியில் கை தூக்கினேன்.

'பக்குவம் வரல' என்பது நம் தாத்தாக்கள் மிஷனரிமாரிடம் கேட்ட வார்த்தை. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியாவுக்கு, 1903-ல் நெல்லை இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது வயது 28. 1910-ல் எடின்பரோ மாநாட்டில் மிஷனரிமார் முன்னால் நின்று, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர் அவர். 1912-ல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. மிஷனரிமார் மட்டுமா எதிர்த்தார்கள்? நம் ஆட்களும்தான் எதிர்த்தார்கள்.

கணக்கில் கை வைத்தவனை விட்டுவிடச் சொல்லவில்லை. அது வேறு. கேரல் ரவுண்ட்ஸில் சுருதி தப்புவது, விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) அன்று மைக் வேலை செய்யாமல் போவது, சோறு குறைவது, இவற்றைச் சொல்கிறேன்.

வேதத்தில், பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் போன யோவான் மாற்கு என்ற வாலிபன் பெர்கேயிலிருந்து பாதியில் எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். அவனை மறுபடி கூட்டிப்போகலாமா என்பதில்தான் பவுலும் பர்னபாவும் பிரிந்தார்கள். பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்குக் கப்பலேறினார். (சொந்தக்காரப் பையன், அதான் விட்டுக்கொடுக்கல என்று நம் கமிட்டியில் சொல்லியிருப்பார்கள்.) பிற்பாடு பவுலே, மாற்கு ஊழியத்துக்குப் பிரயோஜனமானவன், கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். சீப்புருவில் பர்னபா அந்தப் பையனோடு எப்படிப் பாடுபட்டார் என்று வேதத்தில் ஒரு வரி கிடையாது. எனக்கு அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆசை.

போன வாரம் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். தீர்மானத்துக்கு முதலில் கை தூக்கியது தப்பு என்று சொன்னேன். "இந்த வருஷ அரிசிக் கணக்கை நீ போடுறியா?" என்று கேட்டேன். டீ கொடுத்தான். "யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றான். வாசல்வரை வந்தவன், "அன்னைக்கு மூணு மூட்டை கூடப் போட்டிருக்கணும்" என்றான்.