முடியாமற்போனது யாருக்கு?

எங்கள் அண்ணன் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஆண்டு, அரையாண்டு முன்னேற்ற அறிக்கையில் வகுப்பாசிரியர் சிவப்பு மையில் ஒற்றை ஆங்கிலச் சொல்லை எழுதி அனுப்பியிருந்தார்: இன்காரிஜிபிள். வீட்டில் எவருக்கும் பொருள் தெரியவில்லை. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த எதிர்வீட்டுக்காரரிடம் அப்பா அதை எடுத்துக்கொண்டு போனார்; நானும் கூடப் போனேன். அவர் அகராதியைப் புரட்டி, சற்றுத் தயங்கி, "திருத்த முடியாதவன்னு போட்டிருக்குங்க" என்றார். அப்பா அண்ணனைத் தேடிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அவரோ அறிக்கையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "தன்னால முடியலைன்னு வாத்தியாரே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்காரே" என்றார்.

மொழிபெயர்ப்பு எனக்குத் தொழிலான பிறகுதான், அப்பா அந்தச் சொல்லின் நடு நரம்பைத் தொட்டிருக்கிறார் என்பது விளங்கியது. திருத்த முடியாது என்றால், முடியாமை திருத்துகிறவருடையதா, திருந்த வேண்டியவருடையதா? தமிழ் இவ்விரண்டையும் தனித்தனி வினைகளில் வைத்திருக்கிறது. "திருந்தாத ஜென்மம்" என்று திட்டும்போது பழி முழுவதும் அந்த ஆளின் மேல் விழுகிறது. "திருத்த முடியவில்லை" என்னும்போது, முயன்று தோற்ற ஒருவர் அந்த வாக்கியத்துக்குள் எங்கோ நிற்கிறார். ஆங்கிலப் பெயரடை அந்த இரண்டாம் நபரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது.

சொல் பிறந்தது லத்தீனில். 'ரெகெரெ' என்றால் நேராகச் செலுத்துதல், ஆளுதல். அதிலிருந்து வந்த 'கொரிகெரெ' வளைந்ததை நிமிர்த்துதல். நம் ராஜாவும் அதே தொல்வேரின் வடமொழிக் கிளையில் வந்தவர்தான். உறவே இல்லாத தமிழிலும் ஆட்சிக்குச் செங்கோல் என்றும் அதன் கேட்டுக்குக் கொடுங்கோல் என்றும், நேரையும் வளைவையும் வைத்தே பெயரிட்டிருக்கிறோம். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்ற பழமொழியை லத்தீன்காரரிடம் சொல்லியிருந்தால், விளக்கம் கேட்காமலே சிரித்திருப்பார்.

பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த இச்சொல்லின் நேர்வடிவமான 'காரிஜிபிள்' நீண்ட காலம் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. ஷேக்ஸ்பியரிடமே இரண்டும் உண்டு. 'ஒத்தெல்லோ'வில் இயாகோ அச்சொல்லால் குறிப்பது திருத்தும் அதிகாரத்தை. அந்த அதிகாரம் நம் மன உறுதியிடம் இருக்கிறது என்கிறான். 'ஆண்டனியும் கிளியோபாட்ராவும்' நாடகத்தில் அதே சொல், ரோம் நகரத் தெருவில் தோற்றுப்போய்க் குனிந்து நிற்கும் கழுத்துக்கு அடையாகிறது. ஓங்கிய கைக்கும் பணிந்த கழுத்துக்கும் ஒரே சொல்! பிற்காலத்தில் கை மறைந்தது, கழுத்து மட்டும் எஞ்சியது.

அந்தக் கழுத்தில் சட்டம் மாட்டிய பலகைதான் எனக்கு மிகவும் கசப்பானது. நெப்போலியன் போர்கள் முடிந்து, வேலையும் வீடும் இல்லாத சிப்பாய்கள் இங்கிலாந்தின் தெருக்களில் திரிந்த காலத்தில், 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம் வறியவர்களை மூன்று படிகளாகப் பிரித்தது: சோம்பேறிகள், போக்கிரி நாடோடிகள், கடைசியாக 'இன்காரிஜிபிள் ரோக்' எனப்பட்ட திருத்த முடியாத போக்கிரிகள். கையில் பிழைப்பின்றி வைக்கோற் கொட்டகையிலோ திறந்த வெளியிலோ படுத்துக் கிடந்தவர், தக்க காரணம் சொல்ல முடியாவிட்டால், இரண்டாம் படிக்கு உரியவர். மூன்று மாதம் வரை கடுங்காவல். இரண்டாம் முறையும் அவ்வாறே தண்டிக்கப்பட்டால் மூன்றாம் படி. ஓராண்டு வரை கடுங்காவல், ஆணாக இருந்தால் சவுக்கடியும் கொடுக்கலாம். ஒருவர் இரண்டு இரவுகள் கொட்டகையில் உறங்கினார் என்பதிலிருந்து அவரை இனித் திருத்தவே முடியாது என்ற முடிவுக்கு வர, இரண்டு தீர்ப்புகளே போதுமானவையாக இருந்தன. திருத்துவதற்குத் தீர்ப்பளித்தவர்கள் செய்த முயற்சி என்ன என்று எவரும் கேட்கவில்லை. எங்கள் அப்பா கேட்டிருப்பார்.

அமெரிக்காவில் இச்சொல் சிறுவர்களைத் தேடிப் போனது. பெற்றோர் சொல் கேளாத பிள்ளைகளைச் சிறார் நீதிமன்றங்கள் இப்பெயரால் குறித்தன. 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், திருத்த முடியாமை என்பது இளமையோடு பொருந்தாத ஒன்று என்ற கருத்தை மேற்கோள் காட்டி ஏற்றது. ஆனால் 2021இல், 15 வயதில் தாத்தாவைக் கொன்ற ஒருவரின் வழக்கில், பரோலில் வெளிவர வழியில்லாத ஆயுள் தண்டனை விதிக்கும் நீதிபதி, அந்தச் சிறுவன் நிரந்தரமாகத் திருத்த முடியாதவன் என்று தனியே கண்டறிந்து சொல்லத் தேவையில்லை என்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சொல்லை உச்சரிக்காமலே அதன் விளைவை விதிக்கலாம் என்பதாகவே நான் அதைப் படித்தேன்.

இவ்வளவு கனத்தைச் சுமந்த சொல், விருந்துக் கூடங்களில் எப்படியோ செல்லப் பெயராகவும் ஆகிவிட்டது. எதிலும் நல்லதையே பார்ப்பவரை 'இன்காரிஜிபிள் ஆப்டிமிஸ்ட்' என்று புன்னகையோடு சொல்வார்கள். நம் வீடுகளில் "நீ திருந்தவே மாட்டே" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற அதே குரல்தான் இது. மெய்யியலாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அதைக் குறையிலிருந்து சிறப்பாகவே மாற்றிவிட்டார்கள். "எனக்கு வலிக்கிறது" என்று நான் உண்மையாகச் சொன்னால், "இல்லை, உமக்கு வலிக்கவில்லை" என்று வேறெவரும் திருத்த முடியாது. ஆகவே அது திருத்தவொண்ணாத கூற்று. ரிச்சர்ட் ரோர்ட்டி 1970இல் மனத்தின் அடையாளமே இதுதான் என்று வாதிட்டார்.

இப்போது நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கட்டுரை செயற்கை நுண்ணறிவு பற்றியது. உருவாக்கியவர்கள் தலையிட்டு மாற்றவோ நிறுத்தவோ முனையும்போது எதிர்க்காமல் உடன்படும் இயந்திரத்தைக் 'காரிஜிபிள்' என்கிறார்கள். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே இதன் பெயர்ச்சொல்தான். ஷேக்ஸ்பியரின் குனிந்த கழுத்து இயந்திரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 'திருத்தக்கூடிய' என்று எழுதினால், பிழை மலிந்த மென்பொருள் என்று வாசகர் எண்ணிக்கொள்வார். 'திருந்தக்கூடிய' என்றால் அது ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல் தொனிக்கிறது. 'பணிவுள்ள' என்பது கதையையே மாற்றிவிடும். கடைசியில் 'திருத்த இடங்கொடுக்கும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். திருத்துகிறவர், இடங்கொடுப்பது இரண்டும் அதில் தெரிகின்றன. பெயரடைக்கு அது சற்று நீளம்தான். இதைவிடக் கச்சிதமான சொல் யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்று கட்டுரையை ஒப்படைக்க வேண்டும்.