வாசலிலேயே எழுத்துத் தேர்வு

ஏழைகளுக்காக ஒரு செயலி வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் அதன் பதிவுப் பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பேன். பெயர், முகவரி, கடவுச்சொல், அப்புறம் கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அப்படியே அடிக்கச் சொல்லும் கேப்ச்சா. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கான சேவை, வாசலிலேயே அவருக்கு எழுத்துத் தேர்வு வைக்கிறது!

அவர் என்ன செய்வார்? போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார், "என்ன வந்திருக்குன்னு பாருப்பா" என்று. ஓடிபி, கணக்கில் உள்ள பணம், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாமே அந்த ஆளுக்குத்தான் முதலில் தெரியும். அவர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம்.

எழுத்து கைகொடுக்காத இடத்தில் குரல் கைகொடுக்கும் என்பது ஒன்றும் புதிய சங்கதி இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயரம் பற்றிய தகவலை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். கடலுக்குப் போகிறவர் கணினிப் பக்கமே போக வேண்டியதில்லை.

ஆனால் குரல் என்றதும் நம் ஆட்கள் செய்வது, "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்". சாதாரண பட்டன் போனில் இதைச் செய்து பாருங்கள். காதிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்தி, மறுபடி காதில் வைப்பதற்குள் அடுத்த வரி பாதி ஓடியிருக்கும். தாமதித்தால் "தவறான உள்ளீடு" என்று துண்டித்துவிடும். அந்த "உள்ளீடு" யாருடைய வீட்டில் புழங்கும் சொல்லோ!

இதைவிடப் பெரிய கோளாறு, அவர்களைக் கேட்க மட்டும் வைப்பது. தடுப்பூசி போடு, கை கழுவு, சேமித்து வை என்று பேசிக்கொண்டே இருப்போம்; அவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல வழி இருக்காது. 2010ல் பத்திரிகையாளர் சுப்ரான்ஷு சௌத்ரி சத்தீஸ்கரில் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா என்ற தொலைபேசிச் செய்திச் சேவையை நான் மதிப்பது இதனால்தான். போன் போட்டு, கோண்டி என்ற பழங்குடி மொழியிலோ இந்தியிலோ தன் ஊர்க் குறையைப் பதிவு செய்யலாம். கூலி வரவில்லை, கைப்பம்பு ஓடவில்லை என்று வருவதை ஆட்கள் கேட்டு, விசாரித்து வெளியிடுவார்கள். மற்றவர்களும் போனிலேயே கேட்கலாம். மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அங்கிருந்து திரும்ப அழைப்பு வரும். காசு விஷயத்தில் இது சின்ன ஏற்பாடு இல்லை.

இன்னொன்று, விளையாட்டு. 2011ல் லாகூரில் ஆய்வாளர்கள் 'பாலி' என்ற தொலைபேசிச் சேவையைச் சிலரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். நம் குரலையே கோமாளிக் குரலாக மாற்றி நண்பருக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். 2012ல் அதைப் பெரிய அளவில் தொடங்கியபோது, ஓராண்டுக்குள் பயன்படுத்தியவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். அதிலேயே வேலைவாய்ப்பு விளம்பரங்களையும் வைத்திருந்தார்கள், ஜனங்கள் கேட்டார்கள். பயிற்சி வகுப்பு இல்லை, கையேடு இல்லை. ஏழை என்றால் அறிவுரை மட்டும்தான் கேட்க வேண்டுமா என்ன?

நிதி கொடுப்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. மென்பொருளுக்குத் தாராளமாகக் கொடுக்கிறீர்கள், சரி. வந்து குவியும் குரல்பதிவுகளை உட்கார்ந்து கேட்டு, அதிகாரிக்குப் போன் போட்டு, பதிலை அந்த மனிதருக்கே திரும்பச் சொல்லும் ஆளுக்கு எத்தனை வருடம் சம்பளம் கொடுப்பீர்கள்?