தங்கமும் வெள்ளியும்: 15.5 எப்படி 70 ஆண்டுகள் நின்றது?

"கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும்" என்ற ஒற்றை வரியைச் சொல்லிவிட்டு, தங்கம், வெள்ளி இரண்டையும் சட்டம் நிர்ணயித்த ஒரே விகிதத்தில் நாணய அடிப்படையாக வைத்த முறையே தவறு என்று பலர் முடித்துவிடுகிறார்கள்; சட்டம் குறைத்து மதிப்பிட்ட உலோகம் புழக்கத்தைவிட்டு ஓடிவிடும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சட்ட விகிதமும் சந்தை விகிதமும் விலகினால் கோளாறு வரும் என்பது உண்மைதான். அமெரிக்காவின் 1792 சட்டம் ஒரு பங்கு தங்கத்துக்கு 15 பங்கு வெள்ளி என்று வைத்தது. ஐரோப்பியச் சந்தையிலோ 15.5-ஐ ஒட்டி விலை போனது. 1 அவுன்ஸ் தங்கத்தைக் கப்பலேற்றி 15.5 அவுன்ஸ் வெள்ளி வாங்குங்கள். அதில் 15-ஐ அமெரிக்க நாணயச்சாலையில் காசாக்கி மாற்றினால் அதே தங்கம் திரும்பக் கிடைக்கும். அரை அவுன்ஸ் வெள்ளி மிச்சம். அதாவது 3 சதவீதத்துக்கு மேல். காத்திராமல் உடனே காசு வாங்கினால் நாணயச்சாலை அரை சதவீதம் பிடிக்கும். அதோடு கப்பல் கூலி, காப்பீடு, வட்டி போனாலும் லாபம் நிற்கும். தங்கக் காசு புழக்கத்திலிருந்தே மறைந்தது. 1834-ல் விகிதத்தை 16 ஆக்கியதும், இப்போது வெள்ளிக்குச் சந்தையைவிடக் குறைந்த மதிப்பு என்பதால், வெள்ளி வெளியேறத் தொடங்கியது.

ஆனால் பிரான்ஸைப் பாருங்கள். பத்தில் ஒன்பது பங்கு சுத்தமான வெள்ளி கிலோ 200 ஃபிராங்க், தங்கம் 3,100 ஃபிராங்க். 1803-ல் வைத்த இந்த 15.5 விகிதத்தை விட்டுச் சந்தை 70 ஆண்டுகள் அதிகம் நகரவில்லை. கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியத் தங்கம் கொட்டிய 1850-களிலும் அப்படித்தான். மலிந்த தங்கத்தை நாணயச்சாலை அதே விலைக்கு வாங்கியது; விடுபட்ட வெள்ளி கிழக்கே, முக்கியமாக இந்தியாவுக்கு, போனது. நாட்டுக்குள் இரண்டு உலோகமும் பெருமளவில் இருந்ததால்தான் இது முடிந்தது. ஒன்று தீர்ந்துபோனால் சட்டம் என்ன சொன்னாலும் அது ஒற்றை உலோக முறைதான்.

ஜெர்மனி 1871-73-ல் தங்கத்துக்கு மாறி வெள்ளியை விற்க ஆரம்பித்தது. பிரான்ஸ் வெள்ளிக் காசடிப்பை முதலில் சுருக்கி, பிறகு நிறுத்தியது. வந்த வெள்ளியையெல்லாம் வாங்கிய கதவு மூடியதும் விலை சரிந்தது. பிரிட்டிஷ் காசில் கிட்டத்தட்ட 2 ஷில்லிங் (24 பென்ஸ்) மதிப்பிருந்த இந்திய வெள்ளி ரூபாய் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்க, 1893-ல் தனியார் கொண்டுவரும் வெள்ளியைக் காசாக்கித் தருவதை இங்கும் நாணயச்சாலைகள் நிறுத்தின.

ஒற்றை உலோகத்தில் விகிதத் தொல்லை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கான விலையைக் கடன்பட்டவர்கள் கொடுத்தார்கள். நாடுகள் வரிசையாகத் தங்கத்துக்கு ஓட, சுரங்கங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. பணம் அரிதாகவே, 1873 முதல் 1896 வரை விலைவாசி இறங்கியது. விளைபொருளுக்குப் பாதி விலை கிடைத்தாலும் விவசாயியின் கடன் தொகை அப்படியே நின்றது.

பல பெரிய நாடுகள் ஒரே விகிதத்தில் சேர்ந்து நின்றிருக்க வேண்டும். 1881-ல் பாரிஸில் கூடிய சர்வதேச நாணய மாநாட்டில் அதற்கு வாய்ப்பிருந்தது. சந்தை விகிதம் அப்போது 18 அளவில்தான் இருந்தது. பிரிட்டன் தங்கத்தை விட்டுவர மறுத்தது. 1892-ல் பிரஸ்ஸல்ஸில் மறுபடி கூடியபோது விகிதம் 23-ஐத் தாண்டியிருந்தது. அதன்பின் 15.5-க்குத் திரும்ப வழியே இல்லை.