ரெட்டை மோட்டர் எண்டா குலுக்காது எண்டு சொன்ன தம்பிக்கு

இதை எழுதாமல் விடுவம் எண்டுதான் இருந்தனான். ஆனா அந்த வீடியோவை இன்னும் ஆக்கள் ஷெயார் பண்ணிக்கொண்டு இருக்கினம், இன்பொக்ஸிலயும் அனுப்பி "அண்ணை உதுக்கு என்ன சொல்லுறியள்" எண்டு கேக்கினம். சரி சொல்லுறன். மின்சாரக் காரில முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு எண்டு ரெட்டை மோட்டர் இருந்தா குலுக்காது, ஒற்றை மோட்டர் எண்டா குலுக்கும் எண்டு அந்தத் தம்பி வீடியோவில சொன்னது பிழை. கொஞ்சம் பிழை இல்லை, சுத்தப் பிழை.

நான் வீடியோவுக்குக் கீழ மரியாதையாத்தான் கேட்டனான். நீங்கள் ஓடிப்பாத்த ரெண்டு காருக்கும் என்ன சைஸ் ரயர் போட்டிருந்தது, காத்து எவ்வளவு அடிச்சிருந்தது, பின்சீற்றில ஆரையும் இருத்தி ஓடினீங்களோ எண்டு. அதுக்கு வந்த பதிலையும் அதுக்கு விழுந்த சிரிப்பு எமோஜியளையும் நீங்கள் எல்லாரும் பாத்தனீங்கள்தானே. அந்தப் பதிலுக்குக் கடைசியில வாறன்.

முதல்ல விசயத்தைக் கதைப்பம். காரில குலுக்கம் எங்கயிருந்து வருது? றோட்டில இருந்து ரயருக்கு, ரயரில இருந்து சில்லுக்கு, சில்லில இருந்து ஸ்பிரிங்குக்கும் சொக்கப்சோபருக்கும், அதுக்குப் பிறகுதான் பொடிக்கும் சீற்றுக்கும் எங்கட நாரிக்கும். இந்த வழியில மோட்டர் எங்க நிக்குது? இப்ப வாற கார் கிட்டத்தட்ட எல்லாத்திலயும் மோட்டர் ஸ்பிரிங்குக்கு மேல, பொடியோடதான் தொங்குது. சில்லுக்குள்ளயே மோட்டர் வைச்ச கார் எண்டா வேற கதை, சில்லுப் பாரம் கூடும், குலுக்கமும் கூடும். மற்றும்படி ஒரு மோட்டரைக் கூடப் போட்டா என்ன நடக்கும் எண்டா பாரம் கூடும். ஹூண்டாய் ஐயோனிக் 5 இல பின்சில்லு மட்டும் இழுக்கிறதுக்கும் நாலு சில்லும் இழுக்கிறதுக்கும் இடையில கிட்டத்தட்ட 100 கிலோ வித்தியாசம்.

உடன ஒராள் வருவார், பாரமான வாகனம் குலுக்காமல் மெத்தெண்டுதானே போகும், லொறிக்கு லோட் ஏத்தினா குலுக்கம் குறையுதுதானே எண்டு. உண்மைதான். ஆனா லொறிக்கு அதே ஸ்பிரிங்கில லோட் ஏத்திறம். கொம்பனிக்காரர் மோட்டரைக் கூட்டேக்க அந்தப் பாரத்துக்கு ஏத்தமாதிரி ஸ்பிரிங்கையும் இறுக்கிப்போட்டுத்தான் விடுவினம். அப்ப எங்க போச்சு அந்த ஆதாயம்?

அதோட இன்னொண்டு. அதே ரெட்டை மோட்டர் ஐயோனிக் 5 ஐ 19 அங்குலச் சில்லோடயும் எடுக்கலாம், 20 அங்குலச் சில்லோடயும் எடுக்கலாம். 19 அங்குலத்துக்கு வாற 235/55 ஆர் 19 ரயரின்ர பக்கச்சுவர், அதாவது சில்லுக்கும் றோட்டுக்கும் இடையில நிக்கிற றப்பர், 129 மில்லிமீற்றர் உயரம், 255/45 ஆர் 20 க்கு 115 தான். மோட்டர் அதே ரெண்டு, பற்றறியும் அதேதான், ஆனா கிடங்கில விழுந்தா ஒரு காரில ரயர் வாங்கும், மற்றதில நாரி வாங்கும். விலை கூடின மொடலுக்குப் பெரிய சில்லைப் போட்டு அனுப்புறதுதான் கனக்கக் கொம்பனியளின்ர வழக்கம். அந்தச் சில்லு வடிவாத்தான் இருக்கும், நான் மறுக்கேல்ல.

பிவைடி டொல்பின் எண்ட மின்சாரக் காரையும் பாருங்கோ. ஐரோப்பாவிலயும் ஆஸ்திரேலியாவிலயும் விக்கிறதில 70 கிலோவாட் மோட்டர் காருக்குப் பின்சஸ்பென்சன் டோர்சன் பீம், 150 கிலோவாட் காருக்கு மல்ரி லிங்க். ரெண்டிலயும் இழுக்கிறது முன்சில்லுதான், ரெண்டுக்கும் மோட்டர் ஒண்டுதான்! டோர்சன் பீம் எண்டா பின்சில்லு ரெண்டையும் ஒரு இரும்புப் பீம் சேத்துப் பிடிச்சிருக்கும், இடப்பக்கச் சில்லு கிடங்கில இறங்கினா வலப்பக்கத்துக்கும் அது தெரியும், பின்சீற்றில இருக்கிற ஆளின்ர தலை யன்னலில போய் இடிக்கும். மல்ரி லிங்கில சில்லு ஒவ்வொண்டும் தன்ர பாட்டுக்கு ஏறி இறங்கும். ஆனா அந்த நல்ல சஸ்பென்சனோட வாறது 205/50 ஆர் 17, சின்ன மோட்டர் காருக்கு 195/60 ஆர் 16. பக்கச்சுவர் ஒண்டுக்கு 102, மற்றதுக்கு 117. ஒரு கையால குடுத்து மறுகையால எடுக்கினம். இப்ப சொல்லுங்கோ, இதில எதை மோட்டரை வைச்சு அளக்கிறது?

நான் ஹயர் ஓடுறது பழைய நிசான் லீவ், அதுவும் மின்சாரக் கார்தான். அதுக்கும் பின்னுக்கு டோர்சன் பீம்தான். எனக்கு வாற ஹயரில பாதிக்கு மேல ஆசுப்பத்திரி ஹயர். போன மாரிக்கு முதல் யாழ்ப்பாணத்தில இடுப்பு ஒப்பரேசன் செய்த ஒரு அம்மாவை ஒட்டுசுட்டான் தாண்டி உள்ளுக்குக் கொண்டுபோய் விடவேண்டி வந்தது. ஏ9 இல மாங்குளம் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை, மனுசி நித்திரை. முல்லைத்தீவு றோட்டுக்குத் திரும்பி, பேந்து கிறவல் ஒழுங்கையில இறங்கினதும் கதவுக்கு மேல இருக்கிற பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சா, விரல் வெளுத்துப்போச்சு. மகள் மடியில தலேணியை வைச்சு அம்மான்ர காலைத் தாங்கிக்கொண்டு வந்தவ. நான் இறங்கிக் காத்தைப் பாத்தா, முதல்நாள் சேவிசுக்கு விட்ட இடத்தில சார்ஜ் கூடத் தூரம் ஓடட்டும் எண்டு அவையே அளவுக்கு மிஞ்சி அடிச்சு விட்டிருக்கினம், எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்ல. கதவு நிலையில ஒட்டியிருக்கிற அளவுக்கு நாலு ரயரையும் இறக்கினன். மிச்சத் தூரம் அந்த அம்மா பிடியில ஒரு கைதான் வைச்சிருந்தவ. அதே கார், அதே மோட்டர், அதே ஒழுங்கை.

உங்கட வீடியோவில இது எங்க தம்பி? தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில மாத்தறைக்கு ஓடினீங்கள், ஏ9 காப்பெற் றோட்டில ஆனையிறவு வரைக்கும் வந்து படம் எடுத்தீங்கள், முழுக்க முன்சீற்றில, ஸ்ரியரிங்கைப் பிடிச்சபடி. ஸ்ரியரிங் பிடிச்சிருக்கிற ஆளுக்கு வாற கிடங்கு முன்னமே தெரியும், உடம்பு தன்ர பாட்டில இறுகும். பின்னுக்கு இருக்கிற ஆளுக்குத் தெரியாது. சொகுசைச் சொல்லுறதெண்டா பின்சீற்றில இருந்து, கெட்ட றோட்டில ஓடிச் சொல்லவேணும்.

ரெட்டை மோட்டரில ஒரு ஆதாயமும் இல்லையோ எண்டு கேப்பீங்கள். இருக்கு, அதை நீங்கள் சொல்லவே இல்லை. அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்தவுடன மோட்டர் பிறேக் பிடிச்சுச் சார்ஜ் ஏத்துதெல்லோ, அது முன்சில்லில மட்டும் பிடிச்சா மூக்குக் குத்தும், பின்னுக்கு இருக்கிற பிள்ளையளுக்குச் சத்தி வரும். ரெண்டு பக்கமும் மோட்டர் இருந்தா பின்பக்கத்தாலயும் பிடிச்சு அந்தக் குத்தலைக் குறைக்கலாம், நிசான் ஆரியாவில இ-போர்ஸ் எண்டு போட்டிருக்கிறது இதுக்கும் சேத்துத்தான். நல்ல விசயம். ஆனா அது கிடங்கைக் குறைக்காது. மழைக்குச் சேத்தில நாலு சில்லும் இழுத்தா நல்லதுதானே எண்டு ஒராள் எழுதியிருந்தார். இழுவை வேற, சொகுசு வேற.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்? எங்கட நாட்டில மின்சாரக் காருக்கு உற்பத்தி வரியை மோட்டரின்ர கிலோவாட்டைப் பாத்துத்தான் அடிக்கினம். 2020 இல பூட்டின வாகன இறக்குமதியை 2025 மாசியில திறந்த பிறகு எங்கட சனம் லீசிங்குக்கு ஓடுது, காணி உறுதியைக் கொண்டு திரியுது. அந்தச் சனத்துக்கு "அம்மா அப்பாவுக்கு நாரி நோ எண்டா ரெட்டை மோட்டர் எடுங்கோ" எண்டு சொன்னா, அது லட்சக்கணக்கில கூடக் கட்டிப்போட்டு, பெரிய சில்லோட வந்த காரில அந்த அம்மாவை ஏத்தி இன்னும் குலுக்கும். இது ஆற்றையோ வீட்டுக் காசு தம்பி.

இப்ப, வன்னியில இருந்து கேட்ட எனக்குக் கீழ விழுந்த அந்தப் பதிலுக்கு வாறன். "வன்னிக்கு ட்ரக்டர் காணும்." எனக்குச் சிரிப்பு வரேல்ல.

ட்ரக்டரை நாங்கள் குறைச்சுச் சொல்லமாட்டம். வயல் உழுது தந்தது அது, 2009 இல பரந்தன் முல்லைத்தீவு றோட்டில சாமானையும் சனத்தையும் காயக்காரரையும் இழுத்ததும் அதுதான். எங்கட அப்பாவைக் காயத்தோட ட்ரக்டர்ப் பெட்டியில படுக்கவைச்சுத் தருமபுரத்தில இருந்து விசுவமடுப் பக்கம் கொண்டுபோகேக்க நான் பக்கத்தில இருந்தனான். பெட்டிக்கு ஸ்பிரிங் இல்லை. ஒவ்வொரு கிடங்குக்கும் அந்த மனுசன் பல்லைக் கடிச்ச சத்தம் எனக்குக் கேட்டது. அதால எங்களுக்குக் குலுக்கத்தைப் பற்றிக் கதைக்க உரிமை இல்லை எண்டு ஆரும் சொல்லவேண்டாம். எங்கட சனத்துக்கும் நோகாமல் ஆசுப்பத்திரிக்குப் போகவேணும். அதைக் கேட்டா ஏன் சிரிப்பு வருது?

"நீங்கள் மோட்டர் இஞ்சினியரோ" எண்டும் ஒராள் கேட்டவர். இல்லை. ஹயர் ஓடுறன், பின்னுக்கு இருக்கிறவையின்ர முகத்தைக் கண்ணாடியில பாத்துக்கொண்டு ஓடுறன்.

இன்பொக்ஸில "எதை எடுக்கிறது அண்ணை" எண்டு கேட்டவைக்கு ஒண்டுதான் சொன்னனான். சின்னச் சில்லு வாற மொடல் எது எண்டு கேளுங்கோ, பின்சஸ்பென்சன் பீமோ மல்ரி லிங்கோ எண்டு குனிஞ்சு பாருங்கோ, அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்சீற்றில இருத்தி உங்கட ஒழுங்கைமாதிரி ஒரு ஒழுங்கையில ஓடிக்காட்டச் சொல்லுங்கோ. மாட்டம் எண்டு சொன்னா அட்வான்ஸ் குடுக்காதேங்கோ.