‘வா’ என்றால் ‘போ’ என்று பொருள்படும் ஊரில்

இத்தாலியின் சிசிலித் தீவில், பாலெர்மோ நகரின் ஓர் உணவகச் சமையலறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமை, தலைமைச் சமையற்காரர் ஆவி பறக்கும் பாஸ்தாத் தட்டுகள் இரண்டை என் கையில் தந்துவிட்டு ‘வா, வா!’ என்று கத்தினார். நான் தட்டுகளோடு அவருக்கு அருகில் போய் நின்றேன். அவர் முகம் சிவக்க மறுபடியும் ‘வா!’ என்றார், நான் இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தேன். இத்தாலிய மொழியில் ‘வா’ என்பது ‘போ’ என்னும் ஏவல் என்பதும், அது ‘அந்தாரே’ என்ற வினையின் வடிவம் என்பதும், அந்த வினைக்கும் அந்த வடிவத்துக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் உறவு ஒன்றுமே இல்லை என்பதும் எனக்கு அன்று தெரியாது. இன்று தெரியும். தெரிந்த பிறகுதான் கோபம் கூடியிருக்கிறது.

‘ஆரே’ என்று முடியும் வினைகளே இம்மொழியின் மிகப் பெரிய கூட்டம். பேசுதல், உண்ணுதல், வேலை செய்தல் எல்லாம் அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. ஈற்றை மாத்திரம் மாற்றிக்கொண்டு ஒழுங்காக நடப்பவை. போதலைக் குறிக்கும் அந்தாரேயும் அதே வேடத்தில்தான் வந்து நிற்கிறது. நம்பி உள்ளே விட்டால், நான் போவதற்கு வாதோ, நீ போவதற்கு வாய், அவன் போவதற்கு வா, நாங்கள் போவதற்கு அந்தியாமோ, நீங்கள் போவதற்கு அந்தாத்தே, அவர்கள் போவதற்கு வன்னோ என்கிறது. இலத்தீனில் ‘வாதெரே’ என்று தனியாக வாழ்ந்த வேறொரு வினையை வெட்டிக் கொண்டுவந்து ஆறு இடங்களில் நான்கை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். சரி, நான்கு இடம் என்றால் நான்கு இடமாகவே இருக்கட்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு இறந்தகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும் போனால், அங்கே வாதெரேயின் சுவடே இல்லை. முழுக்க அந்தாரேயின் ஆட்சி. நிம்மதி அடைந்து ‘கொன்ஜுன்தீவோ’ என்னும் விருப்பமும் ஐயமும் உரைக்கும் நிலைக்கு வந்தால், ‘வாதா’ என்று அது மறுபடியும் கதவைத் தட்டுகிறது.

‘விதிவிலக்குகள் சில மாத்திரமே’ என்று எங்கள் மாலை வகுப்பு ஆசிரியை முதல் நாளே சொன்னார். அகராதியைத் திறந்து வைத்து எண்ணினால் அது பொய்யில்லை. ஆனால், மனிதன் அகராதியைத் திறந்து வைத்து எண்ணிக்கொண்டா வாழ்கிறான்? இருத்தல், உடைத்தாயிருத்தல், போதல், வருதல், செய்தல், சொல்லுதல், கொடுத்தல், நிற்றல், குடித்தல், அறிதல், விரும்புதல், வெளியேறுதல், தங்குதல், முடியும், வேண்டும், கடைசியில் சாதல்: காலையில் கண் விழித்தது முதல் கட்டையில் போகும் வரை ஒருவனுக்குத் தேவைப்படும் வினைகள் அத்தனையும் இந்தச் ‘சில’வுக்குள்தான் அடங்கியிருக்கின்றன. கணினியில் சொடுக்குவதற்கு அண்மையில் உண்டாக்கிக்கொண்ட ‘கிளிக்காரே’ சாதுவான பசு. எங்கே கட்டினாலும் நிற்கும். நான் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன்; சொடுக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இதற்குக் காரணம் சொல்வார்கள், அதுவும் நல்ல காரணந்தான். அன்றாடம் வாயில் புழங்கும் சொல் எவ்வளவு கோணலாக இருந்தாலும் பிள்ளைகள் கேட்டுக் கேட்டே அதை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். எப்போதாவது வரும் சொல்லின் கோணல் மறந்துபோய், காலப்போக்கில் அது பொது வழிக்கு வந்துவிடுகிறது. ஆகவே, ஒரு வினை எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவுக்கு அது திமிராக இருக்கலாம். இந்த விளக்கத்தைக் கேட்டு நான் சாந்தமடைவேன் என்று எதிர்பார்த்தவர்கள், நாற்பது வயதில், எட்டு மணிநேர வேலைக்குப் பிறகு, பேருந்தில் நின்றுகொண்டே அட்டவணை மனனம் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அட்டவணையின் அளவையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய இலக்கணம் வினைக்கு ஏழு நிலைகளை வகுக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்லும் நிலையில் மாத்திரம் எட்டுக் காலங்கள். ஐய நிலையில் நான்கு. ‘செய்திருப்பேன்’ போன்ற நிபந்தனை நிலையில் இரண்டு. பதினான்கு காலங்களுக்கு ஆறு இடங்கள் வீதம் ஒரே வினைக்கு 84 வடிவங்கள், ஏவல் இதில் சேராது. இவற்றுள் பாதி துணைவினை கொண்டு அமைபவை, ஆகவே சுலபம் என்கிறார்கள். அந்தத் துணைவினைகள் இரண்டுமே இந்த மொழியின் பெரிய அடங்காப்பிடாரிகள் என்பதைச் சொல்வதில்லை.

கட்டங்களை நிரப்பத் தெரிந்தால் போதும், பேச்சு தானாக வரும் என்ற நம்பிக்கைதான் என்னை மிகவும் எரிச்சலூட்டுகிறது. வருதலுக்கான ‘வெனீரே’யை நான் கொப்பியில் பிழையின்றி எழுதுவேன். ஒரு நாள் உணவக வாசலில் ஒரு முதிய அம்மையார் தயங்கி நிற்க, நான் மரியாதையாகத் தலை தாழ்த்தி ‘வியெனி’ என்றேன். அது ‘வா’ என்று ஒருமையில் அழைப்பது. ‘வாங்கோ’ என்பதற்கு ‘வெங்கா’ என்று சொல்லியிருக்க வேண்டும்; அந்த வடிவம் ஏவற் கட்டத்தில் பிறந்தது கூட இல்லை, ஐய நிலையிலிருந்து கடன் வாங்கியது. தமிழில் ‘வா’வோடு ‘ங்கோ’வைச் சேர்த்தால் மரியாதை வந்துவிடுகிறது. இங்கே ஒரு மூதாட்டிக்கு மரியாதை செய்ய வேண்டுமானால், ஒழுங்கு தவறிய வினையின் ஐய நிலையில் படர்க்கை ஒருமை எது என்று நின்று யோசிக்க வேண்டும். யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வேறொரு நாள், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவாயா என்று முதலாளி கேட்டதற்கு, வருவேன் என்று பொருள்படும் ‘வெர்ரோ’வைச் சொல்வதாக எண்ணி ‘வொர்ரோ’ என்றேன். ‘விரும்புவேன்’ என்று அதற்குப் பொருள். ‘என்ன வேண்டுமாம் உனக்கு?’ என்று அவர் கேட்டார். ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம்.

இனி ‘பஸ்ஸாத்தோ ரெமோத்தோ’ என்னும் தொலைவு இறந்தகாலத்துக்கு வருகிறேன். ‘இதைப் படித்தால் அடையாளம் காணத் தெரிந்தால் போதும், பேச்சில் யாரும் பயன்படுத்துவதில்லை’ என்று எங்கள் பாடநூலில் ஒரு குறிப்பு இருக்கிறது. 2018 டிசம்பரில் வந்த சட்டப்படி குடியுரிமை கேட்பவர்கள் காட்டவேண்டிய பி1 என்னும் இடைநிலைத் தர மொழித் தேர்வுக்கும் அது பெரிதாகத் தேவைப்படாதாம். அந்தப் பாடநூலை எழுதியவர் மிலானோ பக்கத்து ஆளாக இருக்க வேண்டும். வடக்கே அந்தக் காலம் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது உண்மைதான். நான் வாழ்வது சிசிலியில். இங்கே காலையில் நடந்ததைக் கூட மாலையில் ரெமோத்தோவில்தான் கதைக்கிறார்கள். மேல் மாடியில் இருக்கும் அம்மையார் படிக்கட்டில் என்னைக் கண்டால் ‘கே ஃபச்செஸ்தி?’ என்று கேட்பார், இன்று என்ன செய்தாய் என்று. தேவையில்லை என்று தள்ளிவைக்கப்பட்ட அந்தக் காலம் படிக்கட்டில் என்னை வழிமறித்து நலம் விசாரிக்கிறது.

விசாரிக்கட்டும். பதில் சொல்லத்தான் வழியில்லை. ‘நீ செய்தாய்’ ஃபச்செஸ்தி என்றால் ‘நான் செய்தேன்’ ஃபச்சேய் என்று இருக்கும் என நினைத்தேன், அது ஃபேச்சி. ‘நீ சொன்னாய்’ திச்செஸ்தி, ‘நான் சொன்னேன்’ திஸ்ஸி. ‘நீ வந்தாய்’ வெனிஸ்தி, ‘நான் வந்தேன்’ வென்னி. நான், அவன், அவர்கள் ஆகிய மூன்று இடங்களில் வேர் உருமாறும். மற்ற மூன்றில் நல்ல பிள்ளையாக இருக்கும். ஏன் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. நானாகத் தேடிப் படித்தேன்: அந்த மூன்று இடங்களில் இலத்தீன் காலத்திலிருந்தே அழுத்தம் வேரின் மேல் விழுந்ததால் பழைய உருவம் அங்கே தங்கிவிட்டது, மற்ற மூன்றில் அழுத்தம் விகுதிக்குப் போனதால் வேர் தப்பித்துக்கொண்டது. இந்த ஒரு வரியை முதலில் சொல்லியிருந்தால் ஆறு கட்டத்தில் இரண்டை மனனம் செய்து மீதியை ஊகித்திருக்கலாம். மாறாக, நூற்றுக்கு மேற்பட்ட வினைகள் அடங்கிய ஒளிநகல் ஒன்றைத் தந்து ‘அடுத்த கிழமைக்குள்’ என்றார்கள்.

வெளியேறுதலுக்கான ‘உஷீரே’ இன்னொரு கூத்து. நான் வெளியேறினால் எஸ்கோ, நாங்கள் வெளியேறினால் உஷாமோ. வேர் ‘எ’யில் தொடங்க வேண்டிய சொல்லுக்குள், கதவைக் குறிக்கும் ‘உஷோ’ என்ற சொல் பக்கத்து வீட்டுக்காரர் போல நுழைந்து அழுத்தம் இல்லாத இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டதாம். வெளியே போகிறவனின் வினைக்குள் கதவு புகுந்துகொண்டது என்பதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்ததை ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் தேர்வில் ‘உஷ்கோ’ என்று எழுதி மதிப்பெண் இழந்த பிறகு அந்தச் சிரிப்பு மீளவில்லை.

நம்முடைய வினைகள் மாத்திரம் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. வா என்று ஏவி, வந்தேன் என்று முடித்து, வருவேன் என்று வாக்களிக்கிறோம்; சொல் என்பது சொன்னேன் ஆகிறது, நில் என்பது நின்றேன் ஆகிறது. ஆனால், ஒரு வினையின் இறந்தகாலம் தெரிந்துவிட்டால் நான், நீ, அவன், அவள் என்று யார் வந்தாலும் வால் மாத்திரம்தான் மாறும். ஆளுக்கு ஆள் தலையை மாற்றிக்கொள்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. 1680ஆம் ஆண்டு வட இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த பெஸ்கி பாதிரியார், நம் வீரமாமுனிவர், செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் எழுதும் அளவுக்கு நம் வினைகளை வசப்படுத்தியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. பிறந்தது முதல் ‘வாதோ, வாய், வா, அந்தியாமோ’ சொல்லி வளர்ந்தவருக்கு எந்த மொழியும் விளையாட்டாகத்தான் இருந்திருக்கும்.

இந்நாட்டவர்களே இந்த வினைகளிடம் அடி வாங்குகிறார்கள் என்பது மட்டும் எனக்குச் சிறிது ஆறுதல். கொடுத்தலின் ஐய இறந்தகாலம் ‘தெஸ்ஸி’. ‘தஸ்ஸி’ என்று தவறிச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்காதவர் குறைவு. ‘வாதா’வை ‘வாதி’ என்பது படிப்பறிவில்லாதவனைக் காட்ட நகைச்சுவையாளர்கள் எடுக்கும் பழைய ஆயுதம். அதைச் சொல்லி அவர்கள் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிக்கிறேன், முந்தின நாள் நானே அதைச் சொன்னதை வெளிக்காட்டாமல்.

நேற்றைய வீட்டுப்பாடம் சமைத்தலைக் குறிக்கும் ‘குவோச்செரே’, ரெமோத்தோ காலம், ஆறு இடங்கள். சமையலறையில் நிற்கும்போது இதைப் போய் நூலில் தேடுவானேன் என்று, அன்று என்னை ‘வா’ என்று விரட்டிய அதே தலைமைச் சமையற்காரரிடம் ‘நான் சமைத்தேன்’ என்பதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் பாலெர்மோவில் பிறந்தவர், ரெமோத்தோவில் மூச்சு விடுபவர். கரண்டியைக் கீழே வைத்தார். உதட்டை அசைத்துப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, ‘குச்சினாய்’ என்றார். அது குச்சினாரே என்ற வேறு வினை. ஆரே கூட்டத்தைச் சேர்ந்தது, ஒழுங்கானது. நான் என் கொப்பியைத் திறந்து சரியான விடையான ‘கொஸ்ஸி’யைக் காட்டினேன். இப்படி ஒரு சொல்லைத் தன் வாழ்நாளில் சொன்னதே இல்லை என்றார், சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினார். எனக்கு இன்னும் ஐந்து கட்டங்கள் பாக்கி இருக்கின்றன.