சேமிக்காமலே 'சேமித்தாச்சு'

மறுபடியும் அதே புகார். ஆர்டர் இருக்கிறது, உள்ளே பொருள் ஒன்றுமே இல்லை. வாங்கியவர் போனிலோ பச்சை டிக்கோடு "ஆர்டர் சேமிக்கப்பட்டது" என்று ஜம்மென்று வந்திருக்கிறது. எங்கே ஐயா சேமித்தது?

ஆப்பின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் திறந்தால், சந்தேகப்பட்டது சரிதான். பொருள் பட்டியலை ஃபார்ஈச்சில் (ஒவ்வொன்றாக எடுக்கிற கட்டளை) சுற்றவிட்டு, உள்ளே ஒரு அசிங்க் ஃபங்ஷன் (பின்னணியில் முடிகிற வேலை), அதற்குள் ஒரு அவெய்ட் ('முடியும்வரை நில்'). எழுதிய புண்ணியவான் வேலையை விட்டே போயாச்சு. அவெய்ட் என்று எழுதிவிட்டால் எல்லாம் காத்திருக்கும் என்று யாரப்பா சொல்லிக் கொடுத்தது? அசிங்க் ஃபங்ஷன் 'பிறகு முடித்துத் தருகிறேன்' என்று ஒரு பிராமிஸைத்தான் கொடுக்கும்; ஃபார்ஈச் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எல்லாவற்றையும் கிளப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரி என்ன? பச்சை டிக்! சர்வரில் ஓடுகிற இந்த கிளவுட் ஃபங்ஷன் அங்கேயே ரிட்டர்ன் ஆகிவிட்டால், பாதியில் நிற்கிற ரைட் (டேட்டாபேஸில் எழுதுவது) முடியும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் கிடையாது. சுற்றிப் பிழை பிடிக்கிற ட்ரை-கேட்ச் வேறு, அலங்காரத்துக்கு. உள்ளே வெடிக்கிற பிழை ஒன்றுகூட அதில் வந்து விழாது.

ஃபார்ஈச்சுக்குப் பதில் மேப் போட்டு, வருகிற பிராமிஸ்களை மொத்தமாகப் பார்த்துக்கொள்கிற பிராமிஸ்.ஆல்-இடம் கொடுத்து, அதற்கு அவெய்ட் போட்டிருந்தால் முடிந்தது கதை. ஏன், ஆர்டரையும் பொருள்களையும் ஒரே பேட்ச்சில் (ஒரே மூட்டையாக) அனுப்பியிருந்தால் வந்தால் எல்லாம் வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது. பாதி ஆர்டர் என்ற பேச்சே இருக்காது.

அடுத்த கூத்து, முகவரி. எங்கள் டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோரின் அப்டேட் கட்டளையில், முகவரி மேப்புக்குள் (பல விவரங்களைச் சேர்த்து வைக்கிற பெட்டி; மேலே சொன்ன மேப் வேறு) பின்கோடை மட்டும் வைத்து அனுப்பினால் பழைய மேப் மொத்தமும் போய்விடும். கதவு எண், தெரு, எல்லாம் காலி. "முகவரி.பின்கோடு" என்று புள்ளி வைத்து அனுப்பினால் அது மட்டும் மாறும். செட் கட்டளையில் மெர்ஜ் (பழையதோடு சேர்) போட்டாலோ மேப்புக்குள் போய்ப் பதமாகச் சேர்க்கும். டாக்குமென்டேஷனில் தெளிவாகத்தான் இருக்கிறது, யார் படிக்கிறார்கள்? அரேக்குள் (வரிசைப் பட்டியல்) இன்னொரு அரே வைத்தால் மட்டும் முகத்துக்கு நேராகப் பிழை காட்டும். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் அந்த டெலிட் பட்டன். ஆர்டரை அழித்தால் அதன் கீழே பொருள்களை வைத்திருக்கிற சப்கலெக்‌ஷன் சேர்ந்து அழியாது. தாய் இல்லாத பொருள்கள் டேட்டாபேஸ் முழுக்க அநாதையாகக் கிடக்கின்றன. அதைப் பெருக்கித் தள்ளவும் நான்தான்.

எல்லாம் சரிசெய்து ஏற்றினேன். மேனேஜர் கேட்கிறார்: "சேவ் பண்ணினா சக்கரம் கொஞ்ச நேரம் சுத்துதே, முன்னாடி டக்குன்னு வந்துச்சே?"