வாடகைக்கே இருந்திருக்கலாமே என்று சொன்னவர்களுக்கு

போன வாரம், வெளிநாட்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் சாவிப் படம் போட்ட பதிவின் கீழே நடந்ததைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். வாழ்த்திய அத்தனை பேருக்கும் நன்றி. ஆனால் நாலு நாளாக என் தூக்கத்தைக் கெடுப்பது ஒரே ஒருவர் எழுதிய இரண்டு வரிதான். எனக்குச் சித்தப்பா முறை. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவர். அங்கேயே பதில் சொன்னால் வாக்குவாதமாகிவிடும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதல் வரி: "விசாவில் இருக்கிறவங்களுக்குச் சொந்த வீடு எதுக்கு? வாடகைக்கு இருந்துட்டுத் திரும்ப வேண்டியதுதானே." இரண்டாவது வரிக்கு அப்புறம் வருகிறேன்.

நாங்கள் வாங்கியது குடியிருக்க ஒரு வீடு. விலை ஏறும், விற்றுக் காசு பார்க்கலாம் என்று வாங்கவில்லை. யாருக்கும் காட்டுவதற்கும் வாங்கவில்லை. நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்க வாங்கினோம்.

11 வருடத்தில் 5 வாடகை வீடுகள். ஒன்றைக்கூட நாங்களாக விரும்பிக் காலி செய்யவில்லை. ஒரு வீட்டுக்காரர் வீட்டை விற்றார். இன்னொருவருக்கு மகனைக் குடிவைக்க வேண்டியிருந்தது. மற்றொருவர் நாங்கள் கொடுக்க முடியாத அளவுக்கு வாடகையை ஏற்றினார். அவரவர் வீடு, அவரவர் உரிமை, குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் பகுதி மாறியது, பகுதி மாறினால் பள்ளியும் மாறியது. மூன்றாவது பள்ளியில் என் மகள் யாரோடும் சேரவே இல்லை. ஏன்டா என்று கேட்டேன். "எப்படியும் அடுத்த வருஷம் போயிடுவோம்லம்மா" என்றாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. அன்று இரவுதான் நானும் கணவரும் முதல்முறையாகக் கணக்குப் போட உட்கார்ந்தோம்.

அவசரப்பட்டுவிட்டோம் என்றும் சிலர் சொன்னீர்கள். அந்த இரவிலிருந்து சாவி கைக்கு வர நாலு வருடம் ஆனது. வேலை விசாவை நம்பிக் கடன் வாங்கக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். வேலை போனால் விசாவும் போகும், தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும். அதனால் நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைக்கும்வரை ஒரு வீட்டைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை. கிடைத்த பிறகும், ஒரு வருடத் தவணையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வங்கிக்குள் நுழைந்தோம். திடீரென்று வேறிடம் போக நேர்ந்தால் வீட்டை வாடகைக்கு விடலாமா, அதற்கு வங்கியின் சம்மதம் வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் தேடிப் படித்தோம். கட்டட ஆய்வாளரை வைத்துக் கூரையிலிருந்து கழிவுநீர்க் குழாய்வரை பார்த்தோம். இரண்டு வீடுகளை அப்படித்தான் வேண்டாம் என்று விட்டோம். படத்தில் இதெல்லாம் தெரியாது. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம்.

"வெளிநாட்டுக்காரனுக்குச் சட்டம் ராத்திரியோடு ராத்திரியாக மாறும்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மாறத்தான் செய்கிறது. சிங்கப்பூரில் 2023 ஏப்ரலில் வீடு வாங்கும் வெளிநாட்டவர் அரசுக்குக் கட்டும் கூடுதல் முத்திரைத் தீர்வை 30 சதவீதத்திலிருந்து 60 ஆனது. ஆனால் அங்கே நிரந்தரவாசி தன் முதல் வீட்டுக்குக் கட்டுவது 5 சதவீதம். கனடா 2023 தொடக்கத்தில் வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை போட்டது. அதிலும் வேலை அனுமதியில் இன்னும் 183 நாளாவது பாக்கியிருப்பவர் ஒரு வீடு வாங்கலாம் என்று பிறகு வழிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2025 ஏப்ரலிலிருந்து தற்காலிக விசாக்காரர்கள் பழைய வீடு எதையும் பொதுவாக வாங்க முடியாது, நிரந்தர உரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. தாய்லாந்தில் அடுக்குமாடி வீடு வாங்கலாம், நிலம் பொதுவாகக் கூடாது. ஆகவே "வெளிநாட்டில் வீடா, வேண்டவே வேண்டாம்" என்று எல்லா நாட்டுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். எந்த நாடு, என்ன உரிமையில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வாடகைதான் மலிவு என்றவர்களுக்கு: சில இடங்களில் உண்மைதான். பத்திரச் செலவு, வழக்கறிஞர், ஆய்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் இரண்டு மூன்று வருடத்தில் விற்பவருக்குப் பெரும்பாலும் நஷ்டம். நாங்கள் பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை இருக்கப்போகிறோம். குடியிருக்க வாங்கினோம் என்று மறுபடியும் சொல்கிறேன்.

உண்மையில் என்னைப் பயமுறுத்திய விஷயங்கள் வேறு. அவற்றை ஒருவரும் கேட்கவில்லை. சம்பளம் ஒரு நாணயத்தில், கடன் இன்னொன்றில் என்றால் என்ன ஆகும்? 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, தன் நாணயமான ஃபிராங்க்கை யூரோவோடு கட்டி வைத்திருந்த வரம்பைத் திடீரென்று கைவிட்டது, ஃபிராங்கின் மதிப்பு எகிறியது. போலந்தில், வட்டி குறைவு என்று ஃபிராங்கில் வீட்டுக் கடன் எடுத்திருந்த குடும்பங்களின் பாக்கி ஒரே நாளில் ஏறிவிட்டது. அதைப் படித்த பிறகுதான், சம்பளம் வரும் நாணயத்தில் மட்டுமே கடன் என்று முடிவு செய்தோம். அடுத்து, எங்கள் இருவருக்கும் ஏதாவது ஆனால் வீடு யாருக்குப் போகும்? பல நாடுகளில் வீடு இருக்கும் இடத்துச் சட்டம்தான் வாரிசு விஷயத்தில் செல்லும். அதற்காக வழக்கறிஞரிடம் தனியாக உயில் எழுதினோம். முப்பத்தொன்பது வயதில் உயில் எழுதும்போது கை நடுங்கியது. அக்கறை உள்ளவர் என்றால் இதைக் கேட்டிருக்க வேண்டாமா?

சரி, இரண்டாவது வரி. "பெத்தவங்களைப் பார்க்க டிக்கெட் எடுக்கக் காசில்லை, வீடு வாங்க இருக்கு."

சித்தப்பா, உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு அம்மா எங்களோடு இருக்க வந்தார்கள். வாடகை ஒப்பந்தத்தில் எங்கள் நாலு பேர் பெயர்தான் இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் விருந்தாளி தங்கினால் அனுமதி கேட்க வேண்டும். கேட்டிருந்தோம், பதில் வரவில்லை. அப்புறம் ஒருநாள் வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் வாசலில் நின்று, அம்மாவைக் கையால் காட்டி, "இவர் எப்போது போவார்?" என்று கேட்டார். அம்மாவுக்கு அந்த மொழி தெரியாது. சிரித்துக்கொண்டே கைகூப்பினார்கள். அவர் போனதும், "என்னம்மா சொன்னார்?" என்றார்கள். உங்களை நலம் விசாரித்தார் என்று பொய் சொன்னேன். அந்த முறை அம்மா சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகவே ஊர் திரும்பினார்கள். முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை என்றார்கள். அது மட்டும்தான் காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது வாங்கிய வீட்டில் கீழே ஒரு அறை இருக்கிறது. வாசலிலிருந்து அங்கே போக ஒரு படிகூட இல்லை. பக்கத்திலேயே குளியலறை. பார்த்த வீடுகளில் இதைவிடப் பெரியது இருந்தது, புதியதும் இருந்தது. அந்த ஒரு அறைக்காகத்தான் இதை எடுத்தோம்.

அம்மா முகநூலில் இல்லை. ஆனால் உங்கள் இரண்டாவது வரியை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். நேற்று போனில், "என்னாலதான் உனக்குப் பேச்சா?" என்று கேட்டார்கள். முதல் வரி இருந்துவிட்டுப் போகட்டும், அது உங்கள் கருத்து. இரண்டாவதை மட்டும் நீங்களே நீக்கிவிடுங்கள், சித்தப்பா.